பதில் வந்தது, ஆள் இல்லை

இறந்து பதினோரு வருடம் ஆன கணவர் காலை எட்டேகாலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கயற்கண்ணி மூன்றாவது மணியில் ரிசீவரை எடுத்தாள்.

"கண்ணி, எந்திரிச்சிட்டியா? இன்னைக்கு இட்லியா, தோசையா?"

அதே குரல். வாக்கியம் முடியும் இடத்தில் லேசாகக் கமறும் அதே தொண்டை. அங்கயற்கண்ணி முழுவதையும் கேட்டாள். பிறகு, "நம்பர்?" என்றாள்.

"என்ன நம்பர்? நீ முதல்ல காபியக் குடி. அப்புறம் பேசலாம்."

அவள் ரிசீவரை வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பழைய டைரியை இழுத்து ஏதோ கிறுக்கினாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையின் விளக்கு பச்சையாகவே இருந்தது. பச்சை என்றால் அமைதி.

அடுக்களையிலிருந்து மகள் நறுமுகை தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "யாரும்மா போன்ல?"

அம்மா நிமிர்ந்தாள். பட்டை மஞ்சளானது. "நம்பர் சொல்லு. நேரமாகுது, நம்பர் சொல்லும்மா!" மஞ்சள் சிவப்பானது.

அந்தச் சிவப்புதான் நறுமுகையின் பிரச்சினை.

அந்தத் தொலைபேசி, நினைவு நல வாரியம் கொண்டுவந்து வைத்தது. வெளியே பார்க்கப் பழைய காலத்துக் கறுப்புப் பெட்டி. உள்ளே இருந்ததன் பெயர் துணைக்குரல். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். தொட்டி நிறைந்தால் மிதவை மேலே வரும், குழாய் மூடிக்கொள்ளும். தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும், குழாய் திறக்கும். இங்கே மிதவை, கையில் கட்டிய பட்டை. அது நாடித் துடிப்பையும் தோலின் ஈரத்தையும் அளந்து, ஆள் எவ்வளவு படபடப்பாக இருக்கிறார் என்று பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதற்கேற்பப் பேச்சைத் திருப்பும். அப்பாவின் பழைய குரல் பதிவுகள், தம்பியின் அழைப்புகள், நறுமுகை அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் மூன்று வாரம் கேட்டுப் படித்து, யாராக வேண்டுமானாலும் பேசும். ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்டாலும் நாற்பதாவது முறையும் முதல் முறைபோலவே பதில் சொல்லும். அலுக்காது, எரிந்து விழாது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் பட்டைக்குப் பெட்டி வேறு, மனிதர் வேறு என்ற வித்தியாசம் இல்லை. யார் பேசினாலும் அளந்தது. தொண்ணூறு நாள் சோதனைக் காலம். முடிவில் பட்டையின் வரைபடத்தைப் பார்த்து, நோயாளிக்கு யார் அமைதி தருகிறாரோ அவரிடம் நோயாளியை ஒப்படைக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. முப்பது நாள் ஆகியிருந்தது. துணைக்குரல் பேசியபோதெல்லாம் பச்சை. நறுமுகை வந்தபோதெல்லாம் சிவப்பு. இப்படியே போனால் அம்மா அமைதி இல்லத்துக்குப் போய்விடுவாள். அங்கே நாள் முழுக்கத் துணைக்குரல். பெற்ற மகளுக்கு மாதம் ஒரு முறை, அரை மணி நேரம்.

கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி எழில், அம்மாவை அனுப்பச் சம்மதம் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான்.

"அக்கா, நீ பக்கத்துல போனாலே அம்மாவுக்குப் படபடப்பு. இத நான் சொல்லல, பட்டை சொல்லுது."

"அந்தப் பட்டைய உன் பொண்டாட்டி கையில கட்டு. நீ ஆபீஸ் முடிஞ்சு உள்ள நுழையுறப்ப என்ன கலர் வருதுன்னு பாப்போம்."

"விளையாடாத. நீ லிஃப்ட் ரிப்பேருக்குப் போற ஆளு. நாளெல்லாம் வெளியில. எவ்வளவு நாளைக்கு ஒத்தையா பார்ப்ப?"

"முடியுற வரைக்கும் பார்ப்பேன். முடியாதப்ப உன்னக் கூப்பிடுவேன். பெட்டியக் கூப்பிட மாட்டேன்."

எழில் பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தான்.

ஆனால் அம்மா என்ன நம்பரைக் கேட்கிறாள்? நறுமுகை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டாள். தன் செல்போன் எண், வீட்டு எண், பிறந்த தேதி, ரேஷன் அட்டை எண், அம்மா ஒரு காலத்தில் ஏறிப் போன பஸ்ஸின் எண்கூட. ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையை ஆட்டி, "அது இல்ல, அது இல்ல" என்று பதறினாள். சில நாள் அழுதாள்.

நாற்பத்தோராம் நாள் மாலை. நறுமுகை வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி அன்றைய சர்வீஸ் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எந்தெந்த லிஃப்டைப் பார்த்தாச்சோ அந்த எண்ணை அடித்துவிட வேண்டும். "நம்பர்?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த எண்ணைப் பேனாவால் அடித்துக்கொண்டே நறுமுகை சொன்னாள்: "நாப்பத்தேழு."

"நாப்பத்தேழு," என்றாள் அம்மா. டைரியில் எழுதினாள். "இந்தப் பக்கம் எண்பத்திரண்டு. எழுதிக்க."

நறுமுகை திகைத்துப் போய் எழுதிக்கொண்டாள்.

"ரைட். சிக்னல் போட்டாச்சு. வா, காபி குடிக்கலாம்."

பட்டை சிவப்பாகவே இருந்தது. ஆனால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரு மணி நேரம் பேசினாள். பேச்செல்லாம் செவல்குளம் ஸ்டேஷனைப் பற்றித்தான்.

ரயில்கள் தாமே நின்று தாமே கிளம்பும் இந்தக் காலத்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கயற்கண்ணி செவல்குளத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தாள். ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி லெவல் கிராசிங். வண்டி வருவதற்கு முன் அவள் கேட் கீப்பருக்குப் போன் செய்வாள். அவர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, "மூடியாச்சு" என்பார். வெறும் "மூடியாச்சு" போதாது. வாய் எதையும் சொல்லும். அதனால் அவரிடம் ஒரு தாள் இருக்கும். அதில் வரிசையில்லாமல் இரண்டிலக்க எண்கள். தாளைப் பார்த்து, அடுத்த எண்ணை அடித்துவிட்டு, அதைச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொண்டு, தன் தாளிலிருந்து ஓர் எண்ணைத் திருப்பித் தருவார். இரண்டு பக்கமும் எழுதிய பிறகே சிக்னல். இதற்குப் பெயர் பிரைவேட் நம்பர். அந்த முனையில் இருப்பவர் விழித்திருக்கிறார், கேட்டது புரிந்தது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

ஒன்பது வயதில் பள்ளி விட்டு வந்து அந்த அறையின் பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதியவள் நறுமுகை. அம்மா வாங்கிய மெமோ கதையும் அவளுக்குத் தெரியும். கேட் கீப்பர் பரமன் ஒரு நாள் மதியம் நம்பரைச் சொன்னார். அம்மா ஏற்கவில்லை. மறுபடி கேட்டாள், பரமன் வேறொரு நம்பரைச் சொன்னார். அப்போதும் சிக்னல் போடவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி பதினாலு நிமிடம் வெளியில் நின்றது. ஆள் அனுப்பிப் பார்த்தால், பரமன் காய்ச்சலில் பாதி மயக்கத்தில் கிடந்தார். கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தின் மேல் பருத்தி மூட்டை ஏற்றிய டிராக்டர் அச்சு முறிந்து நின்றது. ஆனாலும் வண்டியை நிறுத்தியதற்கு மெமோ வந்தது. "எப்படிம்மா தெரிஞ்சது?" என்று எல்லோரும் கேட்டார்கள். "தெரிஞ்சது" என்பதற்கு மேல் அம்மா எதுவும் சொன்னதில்லை. பாதிப் பேர் அதிர்ஷ்டம் என்றார்கள், மீதிப் பேர் மீனாட்சி என்றார்கள்.

மறுநாளே நறுமுகை இரண்டு தாள்கள் அச்சடித்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அம்மாவுக்கு. காலையில் எழுந்ததும் ஒரு நம்பர். குளிக்கக் கூட்டிப் போகும் முன் ஒரு நம்பர். வேலையிடத்திலிருந்து தினமும் நாலு நாற்பதுக்கு அந்தக் கறுப்புப் பெட்டிக்கே போன் செய்து ஒரு நம்பர். வாங்கியதும் அம்மா குளித்தாள், மாத்திரை விழுங்கினாள், பேசினாள். நறுமுகையை ஒரு நாள் பரமன் என்றாள், ஒரு நாள் தன் தங்கை என்றாள், பெரும்பாலும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. அதனால் என்ன? லைன் கிடைத்திருந்தது.

இருபத்தேழு நாள் இப்படிப் போயிற்று. அறுபத்தொன்பதாம் நாள் காலை, தலை துவட்டிக்கொண்டிருந்த நறுமுகையின் காதில் அவளுடைய குரலே விழுந்தது.

"அம்மா, நான்தான். நம்பர் ஐம்பத்தெட்டு."

பெட்டி கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொள்ளாதா பின்னே? அதே லைனில்தானே அவள் தினமும் பேசினாள். கடைசியாகக் கிடைத்த ஒன்றையும் இது பறித்துக்கொண்டதே என்று நறுமுகை துண்டோடு ஓடி வந்தாள்.

அம்மா ரிசீவரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எரிச்சல்.

"தாளப் பாக்காம சொல்றான்," என்றாள்.

பரமன் நம்பர் சொன்ன அந்த மதியம் நறுமுகைக்கு நினைவுக்கு வந்தது. முப்பத்தேழு வருடமாக யாருக்கும் கிடைக்காத பதில் அது. பரமன் கையில் காகிதம் சரசரக்கவில்லை, பேனா கீறவில்லை. கேட்டதும் நம்பர் வந்தது. கேள்விக்கும் நம்பருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைத்தான் அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றுதான் நறுமுகை டைரியை எடுத்துப் பார்த்தாள். கிறுக்கல் என்று நினைத்திருந்தது ரயில்வே ரிஜிஸ்டர். கோடு போட்டு, நேரம் போட்டு, கை நடுங்கினாலும் கட்டம் தாண்டாமல் அம்மா எழுதியிருந்தாள். '8.15. பதில் வந்தது. நம்பர் இல்லை. ஆள் இல்லை.' '4.40. நம்பர் 71. கொடுத்தது 19. ஆள் உண்டு.' இன்றைய வரி: '9.05. நம்பர் வந்தது. தாள் பார்க்கவில்லை. ஆள் இல்லை.'

அதன் பிறகு நறுமுகை ஒவ்வொரு நாளும் தலை நிமிர்ந்துதான் வேலைக்குப் போனாள். நடுவில் ஒரு வியாழக்கிழமை வீடு திரும்பியபோது பட்டை பச்சையாகவே இருந்தது. பரவாயில்லை, அம்மாவுக்குத் தன்னோடு பழகிவிட்டது என்று நிம்மதிகூடப் பட்டாள்.

தொண்ணூறாம் நாள் காலை பதினொரு மணிக்கு மதிப்பீட்டு அலுவலர் ஜெபசீலன் வந்தார். மெல்லிய மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கொடுத்த தண்ணீரை முழுதும் குடித்துவிட்டுத்தான் மடிக்கணினியைத் திறந்தார். செம்பில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் எழிலின் முகம் தெரிந்தது.

"வரைபடம் தெளிவா இருக்கு மேடம்," என்றார் ஜெபசீலன். "துணைக்குரல்கிட்ட அமைதியா இருக்காங்க. உங்ககிட்ட..."

"வண்டி வராத ஸ்டேஷன்ல என்ன சார் படபடப்பு இருக்கும்?"

"புரியல."

நறுமுகைக்கு விளக்குவது பிடிக்கும். லிஃப்ட் ஏன் நின்றது என்று கேட்பவர்களுக்குக்கூட முழுதாகச் சொல்லாமல் விடமாட்டாள். இப்போதும் கேட்டிலிருந்து தொடங்கித் தாள், நம்பர், சிக்னல் வரை சொன்னாள். "உங்க பெட்டி பேசுறப்ப எங்கம்மா டூட்டியிலேயே இல்ல சார். போனக் கீழ வச்சதும் எந்த வேலையும் இல்ல, அதான் பச்சை. நான் வந்தா வண்டி வருது. நாடி துடிக்கத்தான் செய்யும். உங்க பட்டைக்குப் பயமும் ஒண்ணு, உசிரோட இருக்கிறதும் ஒண்ணு."

"அக்கா, இதெல்லாம் நீயா நினைச்சுக்கிறது," என்றது செல்போன்.

"நானா நினைக்கல. எழுதி வச்சிருக்காங்க." அவள் டைரியை நீட்டினாள். "பெட்டி நம்பர் சொல்லப் பழகின பிறகு வந்த போன எல்லாம் பாருங்க. அதுவும் என் குரல், நானும் என் குரல். ஒரே லைன். எது யாருன்னு உங்க கணினியில இருக்கும்ல? ஒத்துப் பாருங்க."

ஜெபசீலன் நிஜமாகவே பார்த்தார். விரலை ஒரு வரியாக நகர்த்தி, திரையைப் பார்த்து, அடுத்த வரிக்குப் போனார். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அங்கயற்கண்ணி அவருடைய விரலைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்ஷன் வந்தவர்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"உங்க குரல்ல மொத்தம் அம்பத்தி மூணு அழைப்பு," என்றார் கடைசியில். அவர் குரல் மாறியிருந்தது. "முப்பத்திரண்டு இயந்திரம், இருபத்தொண்ணு நீங்க. முப்பத்திரண்டுக்கும் 'ஆள் இல்லை'ன்னு போட்டிருக்காங்க. எங்க பொறியாளருங்களுக்கே வித்தியாசம் தெரியாதும்மா."

"அப்ப?"

"வாரிய விதி ஒண்ணு இருக்கு. துணைக்குரலைச் சந்தேகத்துக்கு இடமில்லாம இயந்திரம்னு அடையாளம் காணுறவங்களுக்கு, அவங்க சம்மதம் இல்லாம அத வைக்கக் கூடாது. இதுவரைக்கும் யாருக்கும் தேவைப்படாத விதி." அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். "ஆனா ஒரே ஒரு தப்பு இருக்கு. எழுபத்தாறாம் நாள், வியாழக்கிழமை, நாலு நாற்பது. அது நீங்கதான் பேசினீங்க. இவங்க 'ஆள் இல்லை'ன்னு எழுதியிருக்காங்க. சந்தேகத்துக்கு இடமில்லாமன்னு என்னால எழுத முடியாது. பெரும்பாலும்னு எழுதுறேன். குழு பார்த்து முடிவு பண்ணட்டும்."

குழு என்ன முடிவு பண்ணும் என்பது இருவருக்குமே தெரியும்.

நறுமுகை அந்த வரியைப் பார்த்தாள். '4.40. நம்பர் 36. தாள் பார்க்கவில்லை. ஆள் இல்லை.'

வியாழக்கிழமை. துணிக்கடை லிஃப்டின் அடிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். தாள் மேலே பையில் இருந்தது. ஏறிப் போக அலுப்பு. காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போனைச் செருகிக்கொண்டு, வாயில் வந்த முப்பத்தாறைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அம்மா திருப்பி எதுவும் சொல்லவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அன்று வீடு வந்தபோது பச்சை. பச்சையைப் பார்த்து நிம்மதிப்பட்டாள்.

"தப்பு இல்ல சார்," என்றாள்.

"எது?"

"அந்த வரி. அன்னைக்கு நான் தாளப் பாக்கல. வாய்க்கு வந்தத சொன்னேன். மனசு வேற எங்கயோ இருந்துச்சு. போன்ல நான்தான், ஆனா ஆள் இல்ல. அவங்க எழுதினது சரி."

"அக்கா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்றான் எழில். முதன்முறையாக அவன் அவள் பக்கம் நின்று பேசினான்.

ஜெபசீலன் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இத நான் எழுதினா உங்க மேலயும் ஒரு வரி எழுதணும். கவனிப்பில் அலட்சியம்னு. அது உங்க பேருல நிக்கும்."

"எழுதுங்க. நான் அலட்சியமா இருந்தேன். அவங்க இல்ல. தன் பொண்ணு பேரு தெரியாத ஒரு மனுஷி, அம்பத்தி மூணு தடவையும் சரியாச் சொல்லியிருக்காங்க. அதையும் பக்கத்துலயே எழுதுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எழுதினார். இரண்டு வரிகளையும்.

"காகிதச் சத்தத்தையும் பெட்டியில சேர்த்துட முடியும், தெரியும்ல?" என்றார் எழுதிக்கொண்டே. "ரெண்டு நாள் வேலை."

"தாராளமாச் சேருங்க. ஆனா இப்ப விதிப்படி அவங்களக் கேட்டுட்டுல்ல சேர்க்கணும்?"

ஜெபசீலன் சிரித்துவிட்டார். நாற்காலியை அங்கயற்கண்ணி பக்கம் திருப்பினார். "அம்மா, இந்த போன் உங்களுக்கு இருக்கட்டுமா, வேண்டாமா?"

அவர் கேட்டு முடிக்கவும் பெட்டி மணியடித்தது. அங்கயற்கண்ணி மூன்றாவது மணியில் எடுத்தாள். "கண்ணி, வெயில் ஜாஸ்தியா இருக்கே, மோர் குடிச்சியா?" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. செல்போனில் எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் கேட்டு முடித்து, நம்பர் கேட்டு, காத்திருந்து, வைத்தாள். டைரியை ஜெபசீலனிடமிருந்து வாங்கி வரியை எழுதினாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஸ்டேஷன் சார்ஜ் எடுக்க வந்தவரா?"

"இல்லம்மா. பார்த்துட்டுப் போக வந்தேன்."

"அப்ப போகும்போது இதத் தூக்கிட்டுப் போங்க. நாள் பூரா மணியடிக்குது, ஆளே இல்ல. வண்டி வர்ற லைன அடைச்சுக்கிட்டு நிக்குது." பட்டை செக்கச் சிவப்பாக எரிந்தது. "மெமோ குடுக்கணும்னா குடுங்க. ஏற்கெனவே ஒண்ணு வாங்கியிருக்கேன்."

அவர் பட்டையையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனார்.

பெட்டி இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் தெரிந்தது. நறுமுகை துடைத்தாள். எழில் இன்னும் திரையில் இருந்தான். "அக்கா, எனக்கும் ஒரு தாள் அனுப்பு," என்றான்.

"பாத்துட்டுச் சொல்லணும்டா. சும்மா சொன்னா உன் பேருலயும் எழுதிருவாங்க."

அம்மா பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். "நம்பர்?"

நறுமுகை எதிரில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தாளை எடுத்தாள், பிரித்தாள், அடுத்த எண்ணைத் தேடினாள், அடித்தாள். அவசரப்படவில்லை. "அறுபத்தி நாலு."

"அறுபத்தி நாலு. இந்தப் பக்கம் பதிமூணு."

"பதிமூணு." எழுதிக்கொண்டு நிமிர்ந்தாள். வாரியத்தின் ஆட்கள் தொண்ணூறு நாளாக வாராவாரம் கேட்டு, பதில் கிடைக்காமல் பூஜ்யம் போட்ட கேள்வி ஒன்று உண்டு. அவள் ஒருமுறைகூடக் கேட்கத் துணியாதது. இப்போது கேட்டாள். "அம்மா, நான் யாருன்னு தெரியுதா?"

அங்கயற்கண்ணி அவளை உற்றுப் பார்த்தாள். யோசித்தாள். இல்லை என்று நேர்மையாகத் தலையசைத்தாள்.

"பேரு தெரியலம்மா," என்றாள். "ஆனா முழிச்சிருக்க."

பிறகு டைரியில் அந்த வரியை எழுதி முடித்து, அடியில் ஒரு கோடு போட்டாள்.